காவலன் கண்ணுக்குத் தப்பும் பொதிகள்

சாலையோரத்தில் காவலர் ஒருவர் நிற்கிறார் எனக் கொள்வோம். கடந்து செல்லும் வண்டிகளின் எண்களைத் தம் கையிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, திருட்டு வண்டியைக் கண்டால் ஊதலை ஊதுவது அவர் கடமை. வண்டிகளை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. நிமிடத்திற்குப் பத்து வண்டிகள் செல்லும் வேளையில் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. நூறு வண்டிகள் விரைந்தாலோ, ஒன்றைப் பார்க்கும் நேரத்தில் ஒன்பது போய்விடும். அப்பொழுது ஊதல் ஒலிக்கவில்லை என்றால், திருடன் போகவில்லை என்று பொருளாகுமா?

கணினி வலைகளுக்குக் காவலாக வைக்கப்படும் ‘ஊடுருவல் கண்டறியும் அமைப்பு’ இந்தச் சாலையோரக் காவலரைப் போன்றதே. வலையில் ஓடும் செய்திகள் யாவும் சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே செல்கின்றன. அவற்றின் நகல்களை வாங்கிச் சோதித்து, ஐயத்திற்குரியதைக் கண்டதும் எச்சரிப்பது அதன் வேலை. இத்தகைய காவலுக்கு ஒரு பொது முறையை 1987ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டோரதி டென்னிங் வகுத்துக் காட்டினார். 1998இல் மார்ட்டின் ரோஷ் ‘ஸ்நோர்ட்’ என்னும் நிரலை வெளியிட்டார். அதே ஆண்டில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வெர்ன் பாக்சன், தாம் அமைத்த ‘புரோ’வைப் பற்றிய விரிவான கட்டுரையை அளித்தார். 2018 முதல் அது ‘ஸீக்’ என வழங்குகிறது.

நேரக் கணக்கு

வினாடிக்கு ஒரு கிகாபிட் சுமக்கும் கம்பியில், மிகச் சிறிய 64 பைட் பொதிகள் மட்டும் நெருக்கமாக வந்தால் அவற்றின் தொகை வினாடிக்கு ஏறத்தாழ 14 இலட்சத்து 88 ஆயிரம். ஒரு வினாடியை 100 கோடிக் கூறுகளாக்கினால், ஒரு பொதிக்குக் கிடைப்பவை 672 கூறுகளே. கம்பியின் வேகம் பத்து மடங்கானால் அதுவும் 67 ஆகக் குறைந்துவிடும். அதற்குள் பொதியைத் திறந்து, எந்த உரையாடலைச் சேர்ந்தது என அறிந்து, ஆயிரக்கணக்கான விதிகளோடு ஒப்பிட்டாக வேண்டும். காவலன் திணறினால் பொதி காத்து நிற்பதில்லை. போக வேண்டிய இடத்திற்குப் போய்விடுகிறது. பார்க்கப்படாமல் போகிறது என்பதே வேறுபாடு.

இழப்பு எங்கே?

ஆகவே, எச்சரிக்கைகள் திடீரெனக் குறைந்தால் மகிழ்வதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, ‘எத்தனை பொதிகளைத் தவறவிட்டோம்?’ என்பதாகும். இழப்பு மூன்று இடங்களில் நேரலாம்.

முதலாவது, நகல் எடுக்கும் இடம். ஒரு கிகாபிட் கம்பியில் போக்கும் வரவும் சேர்ந்தால் இரண்டு கிகாபிட் ஆகும். அவ்விரண்டின் நகலையும் ஒரே கிகாபிட் வழியில் திணித்தால் மிகுதி கொட்டிப்போகாமல் என் செய்யும்? இரண்டாவது, வந்த பொதிகள் காத்திருக்கும் நினைவிடம். அது நிரம்பினால் பின்வருபவை கைவிடப்படும். மூன்றாவது, சோதனை செய்யும் நிரலே.

பின்னிரண்டு இடங்களின் இழப்பைக் காவல் கணினியின் கணக்கேடே காட்டிவிடும். முதல் இடத்தின் இழப்போ அதில் தோன்றாது. வந்து சேராத பொதியை யார் எண்ணுவது? அதற்கும் ஒரு வழி உண்டு. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு கணினி மற்றொன்றுக்கு ஒப்புகை அனுப்புகிறது. ஆனால் அந்தப் பொதி காவலன் கண்ணில் படவே இல்லை. இத்தகைய ஓட்டைகளை எண்ணினால் உண்மை வெளிப்படும்.

பளு ஏறுவது ஏன்?

இழப்பு சோதனை நிரலில் என்று தெரிந்தால், செயலியைக் காண வேண்டும். இன்றைய செயலியினுள் ஒரே நேரத்தில் உழைக்கும் பிரிவுகள் பல உள்ளன. ஒன்று முழுப் பளுவில் தவிக்க, மற்றவை சோம்பியிருந்தால் பங்கீடு சரியில்லை எனலாம். ஓர் உரையாடலின் பொதிகள் யாவும் ஒரே பிரிவுக்குச் சென்றால்தான் பொருள் விளங்கும். ஆதலால், பெரியதோர் உரையாடல் வந்து ஒரு பிரிவையே அமுக்கிவிடுவதும் உண்டு. இரவில் நடக்கும் காப்புநகல் போன்ற நம்பத்தக்க பேரோட்டங்களின் தொடக்கத்தை மட்டும் பார்த்து, எஞ்சியதை விட்டுவிடுவது நன்று.

அடுத்து விதிகள். ஆல்பிரட் ஆஹோவும் மார்கரெட் கொராசிக்கும் 1975இல் கண்ட முறையால், பல்லாயிரம் சொற்களை ஒரே வாசிப்பில் தேட இயலும். ஆனால் தனித்தன்மையான சொல் எதுவும் இல்லாத விதி, ஏறக்குறைய எல்லாப் பொதிகளையும் துருவச் சொல்லி நேரத்தை விழுங்கும். எந்த விதி எவ்வளவு நேரம் கொள்கிறது என அளந்து, அத்தகையவற்றைத் திருத்த வேண்டும். நிறுவனத்தில் இல்லாத மென்பொருளுக்கான விதிகளை நீக்கிவிடலாம்.

பகைவனின் சூழ்ச்சி

பளு எப்பொழுதும் தானாக வருவதன்று. பகைவன் அனுப்பியதாகவும் இருக்கலாம். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும் இதனைச் சோதித்தனர். புரோ தான் கண்டவற்றை, அறைகள் பல கொண்ட அலமாரி போன்ற அட்டவணையில் பிரித்து வைக்கும். எல்லாம் ஒரே அறையில் போய் விழும்படி பொதிகளை அவர்கள் தேர்ந்து அனுப்பினர். தேடும் வேலை மலையாய்க் குவிந்தது. ஆறு நிமிடங்களில் அக்காவலன் 71 விழுக்காடு வரை பொதிகளைத் தவறவிட்டான். அதற்குத் தேவைப்பட்ட வேகமோ, பழைய தொலைபேசி மோடத்தின் வேகத்தினும் குறைவு! அறையைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் வெளியார் அறியாத எண்ணொன்றைக் கலப்பதே இதற்கு மாற்று.

எனவே, வேகமான கணினி ஒன்றை வாங்கிவிட்டால் போதும் என்று எண்ணுவது பிழை. இழப்பு நேரும் இடம் அறியாது வாங்கிய கணினி, நோய் அறியாது உண்ட மருந்தை ஒக்கும்.

சோதித்து அறிக

திருத்தங்கள் முடிந்தபின் தீங்கற்ற சோதனைப் பொதி ஒன்றை, விதிப்பட்டியலில் உள்ள அடையாளத்தோடு, நெரிசல் மிகுந்த நேரத்திலேயே வலையில் விடவேண்டும். எச்சரிக்கை எழுந்தால் காவலன் விழித்திருக்கிறான். எழவில்லையானால் மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டும். இச்சோதனையை ஒருமுறை செய்தால் போதாது. வலை வளருந்தோறும் செய்துவர வேண்டும்.

காவலன் அமைதியாக இருப்பதற்குக் காரணம் இரண்டு. கள்வன் வராமை ஒன்று. வந்ததைக் காணாமை மற்றொன்று. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது, தவறவிட்ட பொதிகளின் கணக்கேயாகும். அந்தக் கணக்கை நாள்தோறும் பார்ப்பவரே உண்மையில் காவல் காப்பவர்.