புதிய மோட்டார் சைக்கிளும் திருமலைப் பாதையும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பணிபுரிவோர் பலர் 100 சி.சி. அளவிலான சிறு மோட்டார் சைக்கிள்களையே பயன்படுத்துகின்றனர். சமதரையில் புலப்படாத குறைகளை மலைப்பாதை வெளிப்படுத்திவிடும்.

திருப்பதி அடிவாரத்திலிருந்து திருமலை ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்திலுள்ளது. வண்டியும் இருவருமாக 250 கிலோகிராம் எடையை அவ்வுயரத்திற்கு ஏற்ற, உராய்வு நீங்கலாக, 17 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். புதிய எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு இன்னும் நன்கு பொருந்தியிரா. இப்பளு அதனை மிகச் சூடாக்கும். ஆதலின் முதல் சர்வீஸ் முடியும்வரை மலையேற்றத்தைத் தவிர்ப்பது நலம்.

ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வேகம் கூடாவிடில் கிளட்ச் வழுக்குகிறது எனக் கொள்ளலாம். கிளட்ச் பிடியில் சிறிது தளர்வு உண்டா எனப் பார்க்க வேண்டும். எஞ்சின் திணறினால், வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுக. எளிதில் சுழலாவிடில் பிரேக் உரசுகிறதா, செயின் இறுகியுள்ளதா என ஆராய்க.

இறங்குவதற்குரிய பழைய பாதை 1944-இல் அமைந்தது. ஏற்றிய ஆற்றல் முழுவதும் இறக்கத்தில் வெப்பமாக வெளியேற வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக்குகளின்மீதே விழும். அளவு மீறிச் சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கின், எஞ்சினும் அச்சுமையைப் பகிர்ந்துகொள்ளும். ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் மாணவரைக் கொண்டே செய்விக்கலாம்.