புதிய விமான நிலையமும் கிராம நிலமும்

நகரங்கள் பெருகப் பெருக அவற்றின் தேவைகளும் பெருகுகின்றன. சாலை, குடிநீர், மின்சாரம் என்னும் வரிசையில் விமான நிலையமும் இன்று இடம்பெற்றுவிட்டது. சென்னை மாநகருக்கென இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் உழவர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். பெருந்திட்டத்திற்கு நிலம் கேட்கப்படும்போது கிராமம் எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்பதை இவ்விரு மாவட்டங்களும் அனுபவத்தால் அறிந்தவை. ஆதலின் இதனைச் சற்று ஆராய்வோம்.

மீனம்பாக்கம் போதாமை ஏன்?

மீனம்பாக்கத்தில் ஓடுபாதைகள் இரண்டு உண்டு. ஆனால் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஒன்றில் விமானம் இறங்குகையில் மற்றதைத் தாராளமாகப் பயன்படுத்த இயலாது. இரண்டாவது பாதை அடையாற்றின்மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நிலையத்தையே சில நாட்கள் மூட நேர்ந்தது. அருகே பரங்கிமலையும் பல்லாவரக் குன்றுகளும். சுற்றிலும் நெருக்கமான குடியிருப்புகள். 2023 ஏப்ரலில் புதிய முனையக் கட்டடம் திறக்கப்பட்டது. எனினும் கட்டடம் பயணிகளுக்கு இடம் தருமேயன்றி, விமானம் இறங்கப் பாதை தராது.

இத்துணை நிலம் எதற்கு?

ஒரே வேளையில் இரு பாதைகளிலும் விமானங்கள் இறங்கவேண்டுமாயின், அவை இணையாகவும், இடையே ஆயிரம் மீட்டருக்குமேல் அகன்றும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பாதையும் பல கிலோமீட்டர் நீளமுடையது. முனையங்கள், சரக்குக் கிடங்குகள், விமானங்கள் நிற்குமிடம் ஆகியவற்றையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கான ஏக்கர் தேவையாகிறது. பரந்தூர்த் திட்டத்திற்கு 20 கிராமங்களில் ஏறத்தாழ 5,746 ஏக்கர் குறிக்கப்பட்டது. அதில் சுமார் 3,774 ஏக்கர் பட்டா நிலம். ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகளைக் கையாளுவது நோக்கம். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது.

இந்நிலத்தில் நஞ்சையும் ஏரிகளும் உள்ளன. ஏரிகளுக்கு நீரூட்டும் கம்பன் கால்வாயும் இப்பகுதி வழியே செல்கிறது. ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் எதிர்ப்புத் தெரிவித்து, கிராம சபையில் பன்முறை தீர்மானம் நிறைவேற்றினர். இதனை முன்னேற்றத்திற்கு இடையூறு என ஒதுக்குவது முறையன்று. ஓர் ஏரியை மூடினால், அதன் கீழுள்ள ஏரிகளுக்கும் நீர் குன்றும். மழைக்காலத்தில் வெள்ளமும் வேறு வழி தேடும்.

நம் மாவட்டங்களின் பாடம்

ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரித் திட்டத்திற்கென 1990களில் நிலம் எடுக்கும் பணி தொடங்கியது. கால் நூற்றாண்டு கடந்தும் நிலக்கரி வெளிவரவில்லை. முடிவில் திட்டம் கைவிடப்பட்டு, நிலத்தை உரியவர்க்கே திருப்பியளிக்க அரசு தீர்மானித்தது. இடைப்பட்ட காலத்தில் விற்கவும் இயலாமல், அடகு வைக்கவும் இயலாமல் தவித்த குடும்பங்களின் இழப்புக்கு அளவுகோல் ஏது? மறுபுறம், பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2022 நவம்பரில் சிப்காட் தொழிற்பூங்கா தொடங்கப்பெற்றது. வேலைவாய்ப்பு ஊருக்கு அருகே வர வழி பிறந்தது. நிலம் எடுப்பதோடு பணி முடிவதில்லை; அதனைக் காலத்தே பயன்படுத்துவதே திட்டத்தின் உயிர்.

மும்பை நகருக்கென 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட நவி மும்பை விமான நிலையத்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அங்கும் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. உல்வே ஆறு திருப்பிவிடப்பட்டது. ஆயினும் நிலம் தந்தோர்க்குப் பணம் மட்டுமின்றி, மேம்படுத்திய நிலத்தில் 22.5 விழுக்காடு பெறும் ஏற்பாடும் செய்யப்பட்டது. நகரம் வளர்கையில் அதன் மதிப்பில் உழவரும் பங்கு பெறும் வழி இது.

கிராமம் செய்ய வேண்டுவன

2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, கிராமப்புற நிலத்தின் சந்தை மதிப்பை 1 முதல் 2 மடங்கு வரை பெருக்கி, அதற்கு இணையான ஆறுதல் தொகையும் சேர்த்து வழங்கவேண்டும். சந்தை மதிப்பைக் கணிக்கப் பதிவான கிரயப் பத்திரங்கள் பார்க்கப்படுகின்றன. எனவே முத்திரைக் கட்டணத்தை மிச்சப்படுத்த விலையைக் குறைத்துப் பதிவோர், பின்னாளில் தமக்கும் அண்டை நிலத்தாருக்கும் நட்டம் தேடுகின்றனர். அந்நிலத்தையே நம்பி மூன்றாண்டுகள் உழைத்த குத்தகைதாரரையும் விவசாயக் கூலிகளையும் அச்சட்டம் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே கருதுகிறது. ஆனால் அவர்தம் பெயர் எந்தப் பட்டாவிலும் இராது.

ஆகவே பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளுதல், கிணறு, மரம், வாய்க்கால் ஆகியவற்றைக் கணக்கெடுத்தல், நிலமற்றோரின் பட்டியலைக் கிராம சபையில் வைத்துப் பதிவு செய்தல் ஆகியவற்றை ஒவ்வோர் ஊரும் முற்கூட்டியே செய்துவைத்தல் நலம். மாநகரங்களுக்கு விமான நிலையம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்குரிய விலையைக் கிராமங்கள் மட்டுமே செலுத்துமாறு விடலாகாது என்பதே நம் கருத்து.