பெயின்ட் அடிக்காத மஸ்டாங்

மசில் கார்கள் – 9

2020 ஜனவரி 10. ஃபுளோரிடா மாநிலத்தில் கிஸ்ஸிமி என்ற ஊர். மீகம் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் பழைய கார் ஏலம் நடந்துகொண்டிருக்கிறது. அந்த மேடைக்கு வரும் வண்டிகள் பெரும்பாலும் முகம் பார்க்கலாம் போல மின்னும். குரோம் பம்பரில் ஒரு கீறல் இருக்காது. அன்று வந்த ஒரு பச்சை மஸ்டாங் மட்டும் வேறு மாதிரி. பெயின்ட் வெளிறி, அங்கங்கே உதிர்ந்திருந்தது. ஓரங்களில் துரு. உடம்பில் பழைய அடிகளின் நெளிவுகள். மேல்பூச்சாக ஒரு பாலிஷ்கூடப் போடாமல் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஏலம் 34 லட்சம் டாலரில் முடிந்தது. கட்டணங்களையும் சேர்த்தால் 37.4 லட்சம். அதுவரை எந்த மஸ்டாங்கும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை.

இது ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஃபாஸ்ட்பேக். சென்ற வாரம் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் ரெஸ்டோர் செய்யப்போகும் பழைய வண்டியில் எந்த இடத்தில் தகடு, எந்த இடத்தில் பட்டி என்று தேடினோம். எதை வெட்டுவது, எதை மாற்றுவது என்று ஒரு பட்டியலும் தயார். வெட்டும் மெஷினை எடுப்பதற்கு முன்னால் இந்தப் பச்சை வண்டியின் கதையைச் சொல்லிவிட வேண்டும். ரெஸ்டோரேஷன் என்றாலே எல்லாவற்றையும் புதிதாக்குவது என்ற எண்ணத்தை அமெரிக்காவில் பலருக்கு மாற்றிய வண்டி இது.

1968-ல் பீட்டர் யேட்ஸ் இயக்கிய அந்தப் படத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடுபள்ளத் தெருக்களில் சுமார் 11 நிமிடம் ஒரு துரத்தல் வருகிறது. முன்னால் கறுப்பு டாட்ஜ் சார்ஜர், பின்னால் பச்சை மஸ்டாங். படத்தொகுப்புக்காக ஃபிராங்க் கெல்லருக்கு ஆஸ்கர் கிடைத்தது. படத்துக்காக அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு மஸ்டாங்குகளை வாங்கினார்கள். மேக்ஸ் பால்கோவ்ஸ்கி என்ற ரேஸ் மெக்கானிக் அவற்றின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் கடினமாக்கிக் கொடுத்தார். ஒரு வண்டி தாவல்களுக்கும் மோதல்களுக்கும். மற்றது மெக்வீனின் முகம் தெரியும் காட்சிகளுக்கு. நாம் பேசுவது இந்த இரண்டாவது வண்டியைப் பற்றி.

அதன் எண் 8ஆர்02எஸ்125559. ஃபோர்டு வண்டி வாங்க நினைக்கிறவர் முதலில் படிக்கப் பழக வேண்டியது இதைத்தான். 8 என்றால் 1968 மாடல். ஆர் என்றால் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே தொழிற்சாலை. 02 என்றால் பின்பக்கம் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக் உடல். எஸ் என்பது 390 கன அங்குல வி-8 இன்ஜின், நம் கணக்கில் 6.4 லிட்டர், அன்றைய கணக்குப்படி 325 குதிரைத்திறன். மிச்சமிருப்பது வரிசை எண். பானெட்டைத் திறந்தால் உள் மட்கார்டுத் தகட்டிலும் இதே எண் அடித்திருக்கும். சாதாரண ஆறு சிலிண்டர் மஸ்டாங்கில் பெரிய இன்ஜினை ஏற்றி, ஜிடி பட்டையும் ஒட்டி விற்பவர்கள் உண்டு. அந்த ஒற்றை எழுத்து அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படம் முடிந்ததும் வண்டி ஸ்டுடியோ ஊழியர் ஒருவருக்குப் போனது. அவரிடமிருந்து நியூ ஜெர்சியில் ஒரு போலீஸ்காரருக்கு. 1974-ல் ‘ரோட் அண்ட் டிராக்’ பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ராபர்ட் கீர்னன் சுமார் 6,000 டாலருக்கு வாங்கினார். வாங்கிப் பூட்டி வைக்கவில்லை. அவர் மனைவி ஆசிரியை. அதை ஓட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போய்வந்தார். சினிமாவில் உலகமே பார்த்த வண்டி, வீட்டு வாசலில் சாதாரணக் குடும்ப வண்டியாக நின்றது.

1977-ல் மெக்வீன் தேடிக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினார். வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசை, மாற்றாக வேறொரு மஸ்டாங் தேடித் தருகிறேன், ஆனால் ரொம்பப் பணம் ஆகுமென்றால் விட்டுவிடலாம் என்பது சாரம். கீர்னன் விற்கவில்லை. 1980-ல் மெக்வீன் இறந்துபோனார். ஏறக்குறைய அதே காலத்தில் வண்டியின் கிளட்ச் போனது. ஓடோமீட்டரில் சுமார் 65,000 மைல். சரிசெய்யலாம், அப்புறம் பார்க்கலாம் என்று ஓரமாக நிறுத்தினார்கள். ‘அப்புறம்’ முப்பத்தைந்து வருஷம் ஆனது. அப்பாவும் மகன் ஷானும் சேர்ந்து பிரித்து வேலை பார்க்க வேண்டும் என்ற திட்டம் இருந்தது. அப்பாவுக்கு பார்க்கின்சன் நோய் வந்தது, 2014-ல் காலமானார். அதற்குப் பிறகுதான் ஷான் வேலையைக் கையில் எடுத்தார்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உடம்பைத் தகடு வரைக்கும் சுரண்டி, துருவை வெட்டி, பிரைமர் அடித்து, புதிய பச்சை ஏற்றி, கண்காட்சிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். வண்டி அழகாக இருந்திருக்கும். ஆனால் அதன் கதவுக்கடிப் பகுதியில், கேமராவைப் பொருத்துவதற்காகப் படப்பிடிப்பு ஆட்கள் வெல்டிங் செய்த இரும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கிற ஒரு திறமையான டிங்கர் என்ன நினைப்பார்? யாரோ அசிங்கமாக வெல்டிங் போட்டிருக்கிறார்கள், கிரைண்டரை வைத்துத் தேய்த்துவிடலாம் என்றுதான். பத்து நிமிஷ வேலை. இந்த வண்டிதான் அந்த வண்டி என்பதற்கான மிக வலுவான சாட்சிகளில் ஒன்று அந்தப் பத்து நிமிஷத்தில் தூளாகிக் காற்றில் போயிருக்கும்.

ஷான் வண்டியை ஓடவைத்தார், உடம்பைத் தொடவில்லை. ஃபோர்டின் உற்பத்திப் பதிவேடுகளை வைத்திருக்கும் கெவின் மார்ட்டி வந்து சோதித்து, உண்மையான வண்டிதான் என்று உறுதிசெய்தார். 2018 ஜனவரியில் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் உலகம் மறுபடி அதைப் பார்த்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வாஷிங்டனின் நேஷனல் மாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் அது 21-வது வண்டி.

‘ஓடவைத்தார்’ என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். நிறுத்திவைத்த வண்டியை வாங்குகிற யாருக்கும் உதவும் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பல வருஷம் தூங்கிய வி-8 இன்ஜினில் பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பவே கூடாது. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் அடிக்கிற அடியில் ரிங் உடையும், சுவர் கீறும். முதலில் எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு துளையிலும் ஊடுருவும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளமான ஸ்பேனரை மாட்டி, கையாலேயே மெல்லத் திருப்ப வேண்டும். அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டக் கூடாது. இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் சில நாள். பெட்ரோல் டேங்கில் கிடப்பது இப்போது பெட்ரோல் இல்லை, பிசின். டேங்கை இறக்கிக் கழுவாமல் ஓட்டினால் அது கார்புரேட்டரின் சிறு துளைகளில் போய் உட்காரும். பிரேக்கில் ரப்பர் என்று எதெல்லாம் இருக்கிறதோ எல்லாமே புதிது போட வேண்டும். இதில் எந்தச் சலுகையும் கிடையாது. ஓடும் வண்டி முதலில் நிற்க வேண்டும்.

இன்ஜினிலும் பிரேக்கிலும் செய்யும் இந்த வேலைகளையும் உடம்பில் செய்யும் வேலைகளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிரேக் ஹோஸை மாற்றினால், பழையதை ஒரு பையில் போட்டு எழுதி வைக்கலாம். கார்புரேட்டரைக் கழற்றினால் திரும்ப மாட்டலாம். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டைச் சுரண்டினால் அது எப்போதைக்குமாகப் போயிற்று. புது பெயின்ட்டை இந்த வருஷம் அடிக்கலாம், பத்து வருஷம் கழித்தும் அடிக்கலாம். அதனால் பெயின்ட் கடைசி முடிவாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் பாதியில் நின்றுபோன ரெஸ்டோரேஷன்களைப் பாருங்கள். ஆர்வத்தில் முதல் வாரமே சுரண்டி, சாம்பல் நிற பிரைமரோடு கேரேஜில் வருஷக்கணக்கில் நிற்பவை எத்தனை! சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். பழைய பெயின்ட் காப்பாற்றி வைத்திருந்த தகட்டை அதற்கு அடியிலேயே துரு தின்றுவிடும்.

அசல் பெயின்ட் அப்படியொன்றும் சிறப்பாக இருந்ததும் இல்லை. அறுபதுகளில் ஃபோர்டு அடித்தது சூளையில் வாட்டிய எனாமல். ஆரஞ்சுத் தோல் போல நுண்ணிய சொரசொரப்பு சகஜம். பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். 1968-ல் மட்டும் 3,17,404 மஸ்டாங்குகள் செய்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் வேறெப்படி இருக்கும்? இன்றைய கிளியர்கோட் பூச்சும் மயிரிழை பிசகாத இடைவெளியும் கொண்ட ‘புதிய’ பழைய வண்டி, 1968-ல் எந்த ஷோரூமிலும் நின்றதே இல்லை. இதை உணர்ந்த ரெஸ்டோரர்கள் இப்போது எதிர்த்திசையில் போகிறார்கள். பரிசோதனை முடிந்தது என்பதற்குத் தொழிலாளி கிரேயானால் போட்ட கோடு, ஆக்ஸிலில் தீட்டிய வண்ணப் பட்டை, அடிப்பாகத்தில் தெறித்த பெயின்ட் என எல்லாவற்றையும் படமெடுத்து, பின்னர் அதே இடத்தில் அதே மாதிரி போடுகிறார்கள். யாரோ ஒரு தொழிலாளி அவசரத்தில் இழுத்த கோட்டுக்கு இத்தனை மரியாதை கிடைப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அவர்கள்தானே இந்த வண்டிகளைச் செய்தார்கள்?

ஆனால் துரு எல்லாமே வரலாறு ஆகிவிடாது. அறுபதுகளின் மஸ்டாங்கில் முன் கண்ணாடிக்கு அடியில், பானெட் முடிகிற இடத்தில், காற்று உள்ளே போவதற்காகத் துளைகள் போட்ட தகடு ஒன்று உண்டு. அதை ‘கவுல்’ என்பார்கள். காற்றோடு மழைத்தண்ணீரும் அதில்தான் இறங்கும். உள்ளே, காற்று போகும் வாயைச் சுற்றி மேலெழுந்த ஒரு வளையம் இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டாமல் இரு ஓரங்களில் வழிந்துபோக வேண்டும் என்பது ஏற்பாடு. இலையும் மண்ணும் சேர்ந்து ஈரம் தங்கினால் அந்த வளையத்தின் அடி அரித்துவிடும். பிறகு ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் காலடியில் இறங்கும். கார்பெட் ஊறும், தரைத் தகடு ஓட்டையாகும். பலர் தரைத் தகட்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். சில வருஷத்தில் அதுவும் போகும். காரணம் மேலே இருக்கிறது.

சோதிப்பது எளிது. கார்பெட்டைத் தூக்கிவிட்டு, கவுலின் துளைகள் வழியே தண்ணீர் விட்டு, டார்ச் அடித்துக் கீழே பாருங்கள். சொட்டினால் மேல் தகட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அது போல்ட்டில் நிற்பதில்லை. வரிசையாக அத்தனை ஸ்பாட் வெல்டுகளையும் ஒவ்வொன்றாகத் துளையிட்டு விடுவிக்க வேண்டும். துளை அடித்தகட்டுக்குப் போய்விடக் கூடாது. பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனாலும் தயங்காமல் செய்ய வேண்டிய வேலை. மஸ்டாங்குக்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் சட்டகம். பலம் தாங்கும் இடத்தில் துருவை விட்டுவைத்தால் ஓட்டுகிறவரின் உயிருக்கு ஆபத்து.

வெட்டிக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது? மாற்றுத் தகடுகள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. டைனாகார்ன் என்ற நிறுவனம் 1967 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்கின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கிறது. புது வண்டி கட்ட நினைப்பவருக்கு அது நல்ல வழி. ஆனால் துருப்பிடித்த வண்டியின் எண் தகட்டைப் பிடுங்கிப் புதிய உடலில் ஒட்டி, அசல் என்று விற்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். அந்த எண் ஒரு உடலுக்குக் கொடுத்தது.

புல்லிட்டின் இன்னொரு மஸ்டாங்கைக் காப்பாற்றியதும் அந்த எண்தான். தாவியும் மோதியும் அடிபட்ட 125558, படம் முடிந்ததோடு காணாமல் போயிருந்தது. 2017-ல் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் கூடாகக் கிடைத்தது. வாங்கியவர் அதை வேறொரு படத்தில் வரும் ‘எலினார்’ மஸ்டாங்கின் நகலாக மாற்றத்தான் வாங்கினார். தகட்டை வெட்டுவதற்கு முன் யாரோ எண்ணைப் பார்த்தார்கள்.

ஆகவே நம் வண்டிக்கு வருவோம். வெட்டும் மெஷினை இன்னும் ஒரு வாரம் தள்ளிவைப்போம். அதற்குள் செய்ய வேண்டியவை: உள் மட்கார்டில் உள்ள எண்ணையும் கதவில் உள்ள தகட்டையும் படமெடுங்கள். 1967 மாடலோ அதற்குப் பிந்தையதோ ஆன ஃபோர்டாக இருந்தால் மார்ட்டியிடம் அந்த எண்ணுக்கான அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அது எந்த நிறத்தில், எந்த கியரோடு, எந்த டீலருக்குப் போனது என்பது அதில் வரும். பின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள், கார்பெட்டுக்கு அடியில் பாருங்கள். தொழிற்சாலையில் வண்டியோடு சுற்றிய பில்ட் ஷீட் காகிதம் மடங்கி, எலி கடித்த நிலையிலாவது கிடைக்கலாம். கையால் இழுக்காதீர்கள். கீழே ஒரு அட்டையைச் செருகி அதோடு எடுங்கள்.

அடுத்த வாரம் இன்ஜினை இறக்குகிறோம்.

(தொடரும்)