விறகு பிளக்கும் இயந்திரம்: நாங்கள் செய்ததும் திருத்தியதும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்த அந்த ஒரு மதியத்தில் எங்கள் நிலத்தில் இரண்டு வேம்பும் ஒரு புளியும் சாய்ந்தன. வீடு பருத்திப்பட்டில், நிலம் திருநின்றவூரைத் தாண்டி. வீட்டுத் தெருமுனையில் நின்ற தூங்குமூஞ்சி மரமும் வேரோடு விழுந்தது. அதன் கட்டைகளை யாரும் சீண்டவில்லை என்பதால் அதையும் வண்டி வைத்து நிலத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். அறுப்பு மெஷின்காரர் வந்து எல்லாவற்றையும் ஒன்றேகால் அடி நீளத்துக்குத் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பிளக்க வந்த கோடாலிக்காரர் நாலு அடி போட்டுப் பார்த்தார். "சார், சவுக்குன்னா ஒரே நாள்ல முடிச்சுடுவேன். இது முறுக்கு மரம். என் தோள்தான் போகும்" என்று கூலிகூட வாங்காமல் கிளம்பிவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். சவுக்கில் நார் நேராக ஓடும். பச்சையாக இருக்கும்போது ஆப்பு நுழைந்தால் விரிசல் தானாக அடிவரை போய்விடும். காய்ந்துவிட்டால் அதுவும் இரும்புதான். வேம்பிலும் தூங்குமூஞ்சியிலும் நார் ஒரு வளையத்தில் இடது பக்கமும் அடுத்த வளையத்தில் வலது பக்கமும் சாய்ந்து, சடை பின்னினது போல ஓடும். கோடாலி பிளப்பதில்லை, நாரை அறுக்கப் பார்க்கிறது. புளியங்கட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கறிக்கடையில் வெட்டுப்பலகையாக அதைத்தானே போடுகிறார்கள்! தென்னை வேறு கதை. அது மரமே அல்ல, புல் இனம் போல நார்க்கட்டு. எந்த இயந்திரம் வைத்தாலும் பிளக்காது, நசுங்கும். அதை அப்படியே வாழைக்கு நடுவே போட்டு மட்க விடுவதுதான் நல்லது.

எனக்கு விறகு எதற்கு என்று கேட்பீர்கள். பாரம்பரிய நெல் போடுகிறோம், அவிப்பதை நாங்களே செய்கிறோம். அதற்கு அண்டா அடுப்பு. இன்னொன்று கரி. துண்டு போட்ட கட்டையைப் பிளக்காமல் மூட்டம் போட்டால் மேலே சாம்பலும் நடுவே வேகாத மரமுமாக நிற்கும். மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்தால்தான் ஒரே சீராகக் கரியாகும். அந்தக் கரியைப் பொடித்து, சாணக் கரைசலில் பத்து பதினைந்து நாள் ஊறவைத்துத்தான் மண்ணில் போட வேண்டும். காய்ந்த கரியாகப் போட்டால் அது முதலில் மண்ணில் இருக்கிற சத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

முதலில் செய்தது லாரி ஜாக்கியை வைத்து. 20 டன் ஜாக்கி ஒன்றைப் படுக்கவைத்து, சானல் சட்டத்துக்குள் கட்டையை இறுக்கி, எதிரில் ஒரு ஆப்பு. எண்ணெய் இல்லாத திசையில் படுத்தால் ஜாக்கி காற்றைத்தான் உறிஞ்சும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். திருப்பிப் போட்டதும் வேலை செய்தது. பலம் போதும், வேகம்தான் இல்லை. ஒரு கட்டைக்கு ஐந்து நிமிஷம் கைப்பிடியை அடிக்க வேண்டும். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் உண்டு, முதுகு இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வசதி. டாங்க் செய்கிற ஊர் ஆவடி, பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. தெருவுக்கு ஒரு ஃபிட்டர், ஒரு டர்னர் ஓய்வு பெற்று உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு ஃபிட்டர்தான் எனக்கு வழிகாட்டி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நானும் போடவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு சிலிண்டர் கிடைத்தது. எந்த இயந்திரத்தில் இருந்ததென்று கடைக்காரருக்கே தெரியாது. உள்விட்டம் 100 மில்லிமீட்டர், ராடு 50, ஓட்டம் 450. எண்ணெயை இரண்டு பக்கமும் விடலாம், அதாவது தள்ளவும் செய்யும், திரும்பவும் செய்யும். டிராக்டர் டிப்பர் சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அதில் பெரும்பாலானவை ஒரு பக்கம் மட்டும்தான் தள்ளும், பெட்டியின் எடைதான் அதைத் திருப்பி இறக்குகிறது. படுக்கவைத்தால் போனது போனதுதான்.

கணக்கு எளிது. பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் சொன்னதுதான். மூடின இடத்தில் திரவத்தின் மேல் கொடுக்கிற அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் போகும். 100 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 150 கிலோ அழுத்தம் கொடுத்தால் 11,775 கிலோ, ஏறக்குறைய 12 டன். எங்கள் கட்டைகளுக்கு அது தாராளம்.

வேகத்தைத் தருவது பம்ப். சுற்றுக்கு 8 சி.சி. எண்ணெய் தள்ளும் கியர் பம்ப், நிமிஷத்துக்கு 1440 சுற்று ஓடும் 5 எச்.பி. மோட்டார். நிமிஷத்துக்குப் பதினொன்றரை லிட்டர் வருகிறது. பிஸ்டன் விநாடிக்கு இரண்டரை சென்டிமீட்டர் போகும். முழு ஓட்டம் போக 18 விநாடி. திரும்பும்போது ராடு இடத்தை அடைத்துக்கொள்வதால் எண்ணெய் குறைவாகப் போதும், 14 விநாடியில் வந்துவிடும். மொத்தம் 32. "இன்னும் வேகம் வேணும், 16 சி.சி. பம்ப் போட்டுடலாமா?" என்று கேட்டேன். ஃபிட்டர் சிரித்தார். பம்ப் இரண்டு மடங்கானால் அதே அழுத்தத்துக்கு மோட்டாரும் 9 எச்.பி. வேண்டும். இல்லையென்றால் புளியங்கட்டையில் மோட்டார் முனகி நின்றுவிடும். பலமும் வேகமும் ஒரே பாக்கெட்டிலிருந்து எடுக்கிற பணம். எனக்கு இது உடனே புரிந்தது.

இனி என் தவறுகள்.

முதல் தவறு சட்டம். வீட்டில் 6 இன்ச் கர்டர் மிச்சம் கிடந்தது, மீட்டருக்கு 15 கிலோ எடை வரும் சாதாரண ஐ-கர்டர். பார்க்க யானை மாதிரி இருந்தது. அதன் மேலேயே சிலிண்டரையும் ஆப்பையும் வெல்டு வைத்தோம். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. ஒரு புளிக் கவட்டை சிக்கியது. நான் பட்டறைக்காரன் போல ஸ்பேனர் எடுத்து ரிலீஃப் வால்வுத் திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். கட்டை பிளக்கவில்லை. கர்டர் நடுவில் ஒட்டக முதுகுபோல் எழும்பி நின்றுவிட்டது.

காரணம் இதுதான். தள்ளுகிற விசை கர்டருக்குள் போகவில்லை, அதற்கு மேலே போகிறது. சிலிண்டரின் மையம் கர்டரின் மேல்தட்டிலிருந்து 11 சென்டிமீட்டர் உயரம், கர்டரின் நடுக்கோடு இன்னும் ஏழரை சென்டிமீட்டர் கீழே. ஆக 12 டன், பதினெட்டரை சென்டிமீட்டர் நெம்புகோலில் கர்டரை வளைக்கிறது. மேல்தட்டில் வரும் இழுவிசையைக் கணக்குப் போட்டால், சாதாரண இரும்பு நிரந்தரமாக வளைந்துபோகும் அளவை 150 கிலோ அழுத்தத்திலேயே தாண்டுகிறது. நான் திருகியது சாக்கு மட்டும்தான். 8 இன்ச் கர்டர், மீட்டருக்கு 25 கிலோ, எடுத்திருந்தால் அதே விசையில் இரும்பின் தாங்குசக்தியில் சுமார் 60 சதவீதம்தான் செலவாகும். இரண்டு இன்ச் கூடினால் வளைவைத் தாங்கும் பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. இரண்டாவது சட்டம் அப்படித்தான் செய்தோம். ஆப்பின் உயரத்தையும் 25 சென்டிமீட்டரிலிருந்து 20 ஆக வெட்டிவிட்டோம். உயர்ந்த ஆப்பில் கட்டை மேலே ஏறிக் கடித்தால் நெம்புகோல் இன்னும் நீளும். ரிலீஃப் வால்வுத் திருகுக்கு மேல் ஒரு குல்லா போட்டு வெல்டர் இரண்டு புள்ளி வைத்துவிட்டார். எனக்காகத்தான்.

இரண்டாவது தவறை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும்.

ஒரு ஆடி மாதக் காலை. நான் லீவரில். என் மச்சான் கட்டையைத் தூக்கி வைக்கிறார். இரண்டு பேர் செய்தால் சீக்கிரம் முடியும் என்ற கணக்கு. ஒரு வேப்பங்கட்டை சாய்ந்து அறுபட்டிருந்தது, நிமிர்ந்து உட்காரவில்லை. அவர் கையால் பிடித்துக்கொண்டு "ம்" என்றார். நான் லீவரைத் தள்ளினேன். அவர் "ம்" என்றது பின்னால் வந்து நின்ற நாயை விரட்ட. "மாமா... மாமா..." என்று இரண்டு தடவை கூப்பிட்டார், கத்தவில்லை. மோட்டார் சத்தத்தில் முதல் தடவை எனக்குக் கேட்கவும் இல்லை. மோதிர விரல் நுனி கட்டைக்கும் தள்ளு தகட்டுக்கும் நடுவில். விநாடிக்கு இரண்டரை சென்டிமீட்டர் மெதுவான வேகம் என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு விநாடியில் ஐந்து சென்டிமீட்டர். எலும்பு நொறுங்கவில்லை, நகமும் நுனிச் சதையும் போயின. தையல் போட்டுத் திரும்பி வரும் வழியில் அவர் என்னைத் தேற்றினார். அதுதான் தாங்க முடியவில்லை.

நாலு மாதம் இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தேன். பிறகு ஃபிட்டரும் நானும் உட்கார்ந்து திருத்தியவை இவை. முதலில், ஓட்டுவது ஒரே ஆள். கட்டை வைப்பவரும் லீவர் பிடிப்பவரும் ஒருவரே. இன்னொருவர் உதவ வேண்டுமானால் பத்தடி தள்ளி நின்று கட்டைகளை அருகில் உருட்டிவிடலாம், பிளந்ததை அடுக்கலாம், அவ்வளவுதான். இந்த இயந்திரத்தில் விபத்து நடக்கிற வழி பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யும்போதுதான். ஒருவர் கை எங்கே என்று இன்னொருவருக்குத் தெரியாது.

அடுத்தது லீவர். தள்ளும் திசையில் கையை எடுத்தால் தானாக நடுவுக்கு வந்து நின்றுவிடும் ஸ்பிரிங் வால்வு. திரும்பும் திசையில் மட்டும் தானாக நிற்கும் கொக்கி வகை இருக்கலாம். இதோடு லீவரின் அடியில் ஒரு தடுப்புக் கொக்கி வைத்தோம். இடது கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் வலது கை லீவரை முன்னே தள்ள முடியும். ஒரு துண்டு பிளேட், ஒரு பிவட் போல்ட், ஒரு ஸ்பிரிங். இவ்வளவுதான் சாமான். இரண்டு கையும் அங்கே இருக்கும்போது மூன்றாவது கை எங்கிருந்து வரும்? கொக்கியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஒரு கையால் ஓட்ட ஆள்கூலி ஆட்களுக்குக் கை துறுதுறுக்கும். நான் இல்லாதபோது மோட்டார் ஃப்யூஸ் என் சட்டைப் பையில்.

கட்டையை யாரும் பிடிக்க வேண்டியிராமல் கர்டரின் இரு பக்கமும் வளைத்த தகட்டில் தொட்டில் வைத்தோம். சாய்ந்த கட்டையும் அதில் உட்காரும். உட்காராத கட்டையை விட்டுவிட வேண்டும், மண்ணுக்குப் போகட்டும்.

வேகத்துக்கு நாங்கள் செய்த திருத்தத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கர்டரில் ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு. எல்லாக் கட்டையும் 35 சென்டிமீட்டர், அதற்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி போதும். தள்ளு தகட்டை முழுக்கப் பின்னால் இழுக்காமல் கோட்டில் நிறுத்துகிறேன். பெரும்பாலான கட்டை ஆப்பு பாதி தூரம் நுழைவதற்குள் பிளந்துவிடும், அங்கேயே திருப்பிவிடலாம். 20 சென்டிமீட்டர் போய் வந்தால் 14 விநாடி. முன்பு 32. புதிய பம்ப் இல்லை, புதிய மோட்டார் இல்லை. கையில் இன்னும் பணம் இருப்பவர்கள் இரட்டைப் பம்ப் போடலாம். கட்டையைத் தொடும்வரை இரண்டும் சேர்ந்து வேகமாக ஓடும், இறுகியதும் பெரியது எண்ணெயைச் சும்மா தொட்டிக்கு அனுப்பிவிட்டு சின்னது மட்டும் தள்ளும்.

ஓஸ் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அழுத்தப் பக்கத்துக்கு இரட்டை வயர் பின்னல் ஓஸ் மட்டும். வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள், நனையும் இடம் காட்டிக்கொடுக்கும். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலுக்குள் ஊசி போட்டது போல ஏறிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் உள்ளே சதை செத்து விரலையே எடுக்கும்படி ஆகும். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய் "பிரஷர்ல ஆயில் உள்ளே ஏறிடுச்சு" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள்.

எண்ணெய் 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில், தொட்டி 35 லிட்டர். நம் வெயிலுக்கு அது சரி. இயற்கை விவசாயி நிலத்தில் மினரல் ஆயிலா என்று ஒரு நண்பர் கேட்டார், நியாயமான கேள்வி. புங்க எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாமே என்றார். சும்மா ஆட்டிய எண்ணெய் சூட்டில் பிசினாகி வால்வில் ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பாவில் காட்டு இயந்திரங்களுக்கு மண்ணில் மட்கும் தாவர எண்ணெய் வகை விற்கிறார்கள், அதில் சேர்மானங்கள் உண்டு. நான் செய்தது, இயந்திரத்துக்கு அடியில் ஒரு தகரத் தட்டு, அதில் மரத்தூள். எண்ணெய் குடித்த தூளை உரக்குழியில் போடாதீர்கள்.

செலவு? இரும்பு விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாயில் எழுதவில்லை. பழைய சிலிண்டரில் மிச்சம் பிடித்ததில் பாதி சீல் மாற்றவும் உள்சுவரைத் தேய்த்துச் சரிசெய்யவும் போய்விட்டது. வங்கியில் இருந்தபோது டிராக்டர் கடன் கேட்டு வருகிறவரிடம் முதல் கேள்வியாக, "வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?" என்று கேட்பேன். பலர் முறைப்பார்கள். அதே கேள்வியை எனக்கு நான் கேட்கவில்லை. என்னுடையது வருஷத்துக்கு நாற்பது மணி நேரம்கூட ஓடுவதில்லை. சவுக்கும் சின்னக் கிளையும் மட்டும் எரிப்பவருக்குக் கோடாலியே போதும். வேம்பு, புளி, சீமைக்கருவேல அடிக்கட்டை என்று வருகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று செய்யுங்கள். எங்களுடையதற்கு இப்போது இரண்டு சக்கரம் வைத்திருக்கிறோம், டிராக்டரில் மாட்டி மூன்று தோட்டங்களுக்குப் போகிறது. போகும்போது கொக்கி ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு நோட்டுப் புத்தகமும் கூடவே போகிறது. வாங்கிப் போகிறவர்கள் அதைக் கேலி செய்கிறார்கள், போடுகிறார்கள்.