கூப்பிட்டால் வராத நாய்

நாய் நன்றியுள்ள பிராணி என்று நாம் எல்லோருமே பள்ளியில் கட்டுரை எழுதியிருக்கிறோம். அந்த நன்றிக்கு அடையாளம் என்ன? பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவர வேண்டும். வீட்டுக்கு வந்தவர் கையை நீட்டினால் குழைய வேண்டும். இந்த அளவுகோலைக் கொண்டு ஜப்பான் நாட்டுக் காய் நாயை அளக்கப் போனால் அது தேறாது. கூப்பிட்டால் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். பிறகு தன் வேலையைக் கவனிக்கப் போய்விடும். அன்பில்லாத நாய் என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள். அது பிறந்த மலையை முதலில் பார்த்து வருவோம்.

டோக்கியோவுக்கு மேற்கே யாமனாஷி என்னும் பகுதி இருக்கிறது. அதன் பழைய பெயர் காய். (நம் கத்தரிக்காய்க்கும் இதற்கும் உறவில்லை!) ஃபூஜி மலைக்கு அடுத்தபடியாக ஜப்பானிலேயே உயரமான கிதாதாகே சிகரம், 3,193 மீட்டர், இங்கேதான் இருக்கிறது. செங்குத்தான சரிவுகள், அடர்ந்த காடு. காட்டுப்பன்றி, மான், காமோஷிகா என்ற மலையாட்டு வகை ஆகியவற்றை இந்த நாயின் துணையோடு வேட்டையாடி வந்தார்கள். தோள் வரை சுமார் அரை மீட்டர் உயரம், நிமிர்ந்த காதுகள், உடலெங்கும் புலிவரி. குட்டியாக இருக்கும்போது ஒரே நிறமாக இருக்கும். வளர வளர வரிகள் தெளியும். 1934-ஆம் ஆண்டு ஜப்பான் அரசு இந்த இனத்தை இயற்கைச் சின்னமாக அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், அது துரத்திய காமோஷிகாவுக்கும் அதே ஆண்டில் அதே பாதுகாப்புக் கிடைத்தது!

இப்போது வேட்டைக்கு வருவோம். அந்தக் காட்டில் பத்தடிக்கு அப்பால் நாய் இருப்பது வேடனுக்குத் தெரியாது. அது மோப்பம் பிடித்துத் தனியே போகிறது. பன்றியைக் கண்டதும் குரைத்துக் குரைத்து அதை ஓரிடத்தில் மடக்கி நிறுத்த வேண்டும். மிக நெருங்கினால் தந்தம் வயிற்றைக் கிழித்துவிடும். மிகவும் விலகினால் பன்றி தப்பிவிடும். எவ்வளவு நெருங்கலாம், எப்போது பின்வாங்கலாம் என்று நொடிக்கு நொடி தீர்மானிப்பது யார்? வேடன் இன்னும் பள்ளத்தில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருக்கிறான். 'எஜமான் சொல்லட்டும்' என்று காத்திருக்கும் நாய் அங்கே பயன்படாது. உயிர் பிழைப்பதே கடினம். தானே முடிவெடுக்கும் நாய்களே பிழைத்தன. அவற்றின் குட்டிகளையே வேடர்கள் விரும்பி வளர்த்தார்கள். ஆடு மேய்க்கும் நாயின் கதை வேறு. அது மனிதனின் கண்ணெதிரே, அவன் கையசைப்பையும் சீழ்க்கையையும் பார்த்துக் கேட்டு வேலை செய்கிறது. அந்த இனங்களில் மனித முகத்தை நோக்கும் பழக்கம் வளர்ந்ததில் வியப்பில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஒரு டப்பாவில் தின்பண்டத்தை வைத்து, நாய் திறக்க முடியாதபடி மூடிவிடுவார்கள். பல நாய்கள் சற்று முயன்றுவிட்டு, 'உதவி செய்யேன்' என்பது போல அருகிலிருக்கும் மனிதரைத் திரும்பிப் பார்க்கும். 2016-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவுப்படி, தொன்மையான இனங்களைச் சேர்ந்த நாய்கள் அவ்வாறு திரும்பிப் பார்க்க அதிக நேரம் எடுத்துக்கொண்டன. காய் நாயின் உறவினமான ஷிபா, 2004-இல் 85 இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டபோது ஓநாய்க்கு நெருக்கமான சில இனங்களுள் ஒன்றாகத் தெரியவந்தது. திரும்பிப் பார்க்காதது அறிவுக் குறைவு அன்று. அன்புக் குறைவும் அன்று. உதவி கேட்கும் வழக்கம் அதற்கு இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் எல்லாவற்றையும் இனத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்று கண்டது. அதே ஆய்வில், இனத்துக்கு இனம் மிகுதியாக மாறுபட்ட குணம் மனிதன் சொல்லுக்கு இணங்கும் தன்மையே! எனவே காய் இனத்திலும் குழைந்து வரும் நாய் உண்டு. ஆனால், அதை எதிர்பார்த்து ஒரு குட்டியை வாங்குவது சரியல்ல.

வரிகளின் அழகைப் பார்த்து மட்டும் வாங்குபவர்கள்தாம் பிறகு ஏமாந்துபோகிறார்கள். அந்த ஏமாற்றத்தின் தண்டனை நாய்க்கு வந்து சேர்கிறது. அடியும் அதட்டலும் இந்த நாயிடம் பலிக்காது. ஒதுங்கிப் போகும், நம்பிக்கையை இழக்கும். சிறிது நேரப் பயிற்சி, உடனே ஒரு துண்டு இறைச்சி என்பதே பலன் தரும். பிறந்த 3-ஆவது வாரம் முதல் 12-ஆவது வாரம் வரை குட்டி பழகும் மனிதர்களும் ஓசைகளும் அதன் மனத்தில் ஆழப் பதியும். அந்தப் பருவத்தில் பலரோடும் பழகாத காய் நாய், பிற்காலத்தில் அந்நியரைக் கண்டால் விறைத்து நிற்கும். அப்போது உங்கள் நண்பர் தடவிக் கொடுக்கப் போனால் தடுத்துவிடுங்கள். அதுவாக நெருங்கி வரட்டும்.

வீட்டாரிடம் அது காட்டும் பற்று ஆழமானது, ஆனால் ஆரவாரமற்றது. மடியில் ஏறிப் படுக்காமல், நீங்கள் இருக்கும் அறையின் வாசலருகே முதுகைக் காட்டிப் படுத்திருக்கும். நீங்கள் அடுத்த அறைக்குப் போனால் சிறிது நேரத்தில் அங்கும் வந்து படுக்கும். இப்படிப்பட்ட நாய்தானே என்று நம்பி, திறந்த வெளியில் மட்டும் கழுத்து வாரை அவிழ்த்துவிடாதீர்கள். புதரில் ஒரு பூனை அசைந்தால் போதும், அது மீண்டும் யாமனாஷி மலைக்காட்டில்தான் இருக்கும். நீங்கள் எவ்வளவு கூப்பிட்டாலும், துரத்தி முடித்த பிறகே வரும்.