வறட்சியும் ரப்பர் மரமும்: ஒரு பெயரின் பிழை

பேராக் மாநிலத்தில் ஆண்டுத் தொடக்கத்து வறண்ட வாரங்களில் ரப்பர்க் காடுகள் செந்நிறமாகி இலையுதிர்க்கும். அமேசான் மழைக்காட்டிலிருந்து கொணரப்பட்டு, 1877-இல் கோலகங்சாரில் வேரூன்றிய மரம் அது. ஈப்போவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அது கைக்காசு குறையும் காலமும் ஆகும். பால் வற்ற, கூலியும் வற்றும். "மரம் வாயை மூடிக்கிச்சு" என்பார் என் தாயார். அக்கூற்றில் தாவரவியல் இருந்ததைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

இலையின் அடிப்புறத்தில் நுண்துளைகள் உள்ளன. ஆங்கிலம் அவற்றுக்கு வழங்கும் ஸ்டோமா என்னும் பெயர், வாய் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே. ஒவ்வொரு துளையையும் இரு காப்புச் செல்கள் காக்கின்றன. மண் வறளும்போது அப்சிசிக் அமிலம் என்னும் இயக்குநீர் தாவரத்தில் பெருகி, ஏற்பிப் புரதங்களில் பொருந்துகிறது. இவ்வேற்பிகள் 2009-இல்தான் தெளிவாக அடையாளம் காணப்பட்டன. இயல்பான நாளில் ஒரு நொதி மற்றொரு நொதியை அடக்கி வைத்திருக்கும். அமிலம் பொருந்திய ஏற்பி அடக்கும் நொதியைப் பற்றிக்கொள்ள, அடங்கியிருந்தது விடுபடுகிறது. இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு என்னும் இலக்கணத்தை மாணவர் இங்கு நினைவுகூரலாம். விடுபட்ட நொதி காப்புச் செல்களின் அயனி வாயில்களைத் திறக்கிறது. அயனிகள் வெளியேற, நீரும் பின்தொடர, செல்கள் தளர்ந்து துளை மூடுகிறது. வறட்சி தாங்கும் மரபணுக்களை முடுக்குவதும் அந்நொதியே.

விடியுமுன் பால் வெட்டுவதற்கும் இந்த நீர்க்கணக்கே காரணம். இரவில் துளைகள் மூடியிருப்பதால் பால்குழாய்களில் அழுத்தம் மிகும். வெயில் ஏற ஏற அது தளரும்.

இனி, பெயர். 1960-களில் அமெரிக்காவில் பருத்திக்காய் உதிர்வை ஆராய்ந்தோர் இவ்வமிலத்தைப் பிரித்தெடுத்தனர். பிரிட்டனில் மொட்டுறக்கத்தை ஆராய்ந்தோர் இதனையே 'டார்மின்' என்றனர். வெட்டி நீக்குதல் என்னும் இலத்தீன் வேர் கொண்ட பெயரே 1967-இல் நிலைபெற்றது. ஆயின், காம்பின் அடியில் செல்சுவர்களைக் கரைத்து இலையை உதிர்ப்பதில் முதன்மைப் பங்கு எத்திலீனுடையது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. (எத்திலீன் தோட்ட மக்களுக்குப் புதிதன்று, பால் நெடுநேரம் ஒழுக வெட்டுப்பட்டையில் பூசும் மருந்து வெளியிடுவது அவ்வாயுவையே.)

'உதிர்வமிலம்' என மொழிபெயர்க்கலாமா என மாணவர் கேட்டதுண்டு. நான் உடன்படவில்லை. ஒலிபெயர்ப்பில் அப்பிழை உறங்குகிறது. மொழிபெயர்த்தாலோ விழித்துத் தமிழிலும் பேசத் தொடங்கும். துளை மூடுவதை வைத்துப் பெயரிடலாமெனில், விதையுறக்கத்தையும் அதுவே ஆள்கிறது. ஆகவே பாடநூலில் அப்சிசிக் அமிலம் என்றே இருக்கட்டும். அதன் செயலை ஆசிரியர் அடுத்த வரியில் எழுதிக் காட்டட்டும்.