கருங்காலி நாற்காலியின் பிறந்த ஊர்

இலண்டன் மாநகருக்கு அருகே, தேம்ஸ் ஆற்றங்கரையில் ‘ஸ்ட்ராபெரி ஹில்’ என்னும் மாளிகை உள்ளது. 18ஆம் நூற்றாண்டில் அதனை உருவாக்கியவர் ஹொரேஸ் வால்போல் (1717–1797) என்னும் ஆங்கில எழுத்தாளர். பழம்பொருள்களின்மீது தீராத பற்றுக் கொண்டவர். அவர் தேடி வாங்கியவற்றுள் கருங்காலி நாற்காலிகளும் இருந்தன. அவை எட்டாம் ஹென்றி மன்னர் காலத்து ஆங்கிலத் தச்சர்களின் கைவேலை என அவர் உறுதியாக நம்பினார். அம்மன்னரின் அமைச்சராகிய வுல்சி என்பவர் முன்னொரு காலத்தில் வாழ்ந்த வீட்டில் அத்தகைய நாற்காலிகளை அவர் கண்டிருந்ததே அதற்குக் காரணம். வீடு பழையது, ஆகவே அதனுள் இருக்கும் நாற்காலியும் அவ்வளவு பழையது என்று எண்ணிவிட்டார்! அவர் கருத்தைப் பிறரும் நெடுங்காலம் ஏற்றனர்.

உண்மை வேறு. அந்நாற்காலிகள் எட்டாம் ஹென்றி மறைந்து நூறாண்டுகளுக்குப் பின், 17ஆம் நூற்றாண்டில், நம் நாட்டின் சோழமண்டலக் கடற்கரையில் செய்யப்பட்டவை. ‘சோழமண்டலம்’ என்னும் சொல்லையே ஐரோப்பியர் ‘கோரமண்டல்’ என வழங்கினர். இன்றைய தமிழ்நாடு, ஆந்திரக் கடற்கரைகள் அதனுள் அடங்கும். டச்சு, ஆங்கில வணிகர்கள் இங்கிருந்து துணிகளை மட்டுமன்றி மரப்பொருள்களையும் கப்பலில் கொண்டு சென்றனர்.

கருங்காலி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் மரம். மத்திய இந்தியாவில் பீடி சுற்றப் பயன்படும் தெந்து இலை தரும் மரமும் இதன் நெருங்கிய உறவே. கருங்காலி முழுவதும் கருமையாக இராது. வெளிப்புறம் வெளிறியிருக்கும், நடுவிலுள்ள வைரம் மட்டுமே கரியது. மரம் மிக மெதுவாக வளர்வதால் வைரம் பெருக நெடுங்காலம் ஆகும். நீரில் இட்டால் மூழ்கிவிடும் அளவுக்கு அது கனமானது. உளியின் கூர்மையை விரைவில் மழுக்கிவிடும். எனினும் மெருகேற்றினால் கண்ணாடிபோல் மின்னும்.

இத்தகைய கடினமான மரத்தில்தான் நம் தச்சர்கள் கயிறு முறுக்கியதுபோன்ற கால்களைக் கடைந்தனர். இருக்கைக்குப் பிரம்பு பின்னினர். சாய்மானத்தில் பூங்கொடிகள், பறவைகள், பாதி மனிதரும் பாதி மீனுமான உருவங்கள் ஆகியவற்றைச் செதுக்கினர். நாற்காலியின் வடிவம் ஐரோப்பியருடையது; பூவும் கொடியும் இம்மண்ணுக்குரியவை. அச்செதுக்கல்களை உற்று நோக்கியிருந்தால் வால்போலுக்கே ஐயம் எழுந்திருக்கும்.

இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவ்வகை நாற்காலிகளை இன்றும் காணலாம். கோரமண்டல் கடற்கரையில் செய்யப்பட்டவை என்று இப்போது குறித்துள்ளனர். செதுக்கிய தச்சர்களின் பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை.